ஆணியில் தொங்கும் துப்பாக்கி

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26 அன்று. கூடவே அதன் விதிகளும் வந்தன. பத்தாவது விதி, பாதுகாப்பு அலுவலர் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறது. நடுவர் எழுத்தில் உத்தரவிட்டால் அவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கணவனின் சம்பளம், சொத்து, வங்கிக் கணக்கு பற்றி விசாரித்து அறிக்கை தர வேண்டும். பெண்ணின் நகையையும் சீர்ப்பொருளையும் மீட்டுத் தர வேண்டும். பிள்ளைகளை அவளிடம் சேர்க்க உதவ வேண்டும். இந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. நடந்ததாகச் சொல்லப்படும் வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தை, தேவைப்பட்டால் போலீஸ் உதவியோடு, பறிமுதல் செய்ய வேண்டும் என்கிறது அந்த வரி.

வீட்டுக்குள் இருக்கும் ஆயுதத்தை அந்தச் சட்டமும் விதிகளும் பெயர் சொல்லிப் பேசும் இடம் இது. எழுதியவர் யாரோ, நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வரியின் பாரம் முழுவதும் ஒரே சொல்லின் தலையில் இருக்கிறது: ‘சம்பந்தப்பட்ட’. ஆயுதம் எப்போது வன்முறையில் சம்பந்தப்படுகிறது? வெட்டியபோதா? ஓங்கியபோதா? இல்லை, சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்போதேவா? இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில் சில பெண்களின் உயிர் இருக்கிறது.

முதல் அங்கத்தில் சுவரில் துப்பாக்கி தொங்கினால் நாடகம் முடிவதற்குள் அது வெடித்தாக வேண்டும் என்பது செகாவ் பெயரில் வழங்கும் விதி. சிறுகதைப் பட்டறைக்கு ஒருமுறை போனவர்கூடச் சொல்லிவிடுவார். அவருடைய ‘வான்யா மாமா’வில் துப்பாக்கி வெடிக்கிறது, குறி தப்புகிறது. இந்த விதியை நாம் வெடிப்பை நோக்கியே வாசித்துப் பழகிவிட்டோம். முதல் அங்கத்துக்கும் வெடிக்கும் அங்கத்துக்கும் இடையில் அந்தத் துப்பாக்கி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்பதில்லை. இப்சன் கேட்டார். 1890இல் வந்த ‘ஹெட்டா காப்ளர்’ நாடகத்தில், தளபதியாக இருந்த அப்பாவின் கைத்துப்பாக்கிகள் ஹெட்டாவிடம் இருக்கின்றன. அதில் ஒன்று யாருடையது என்பது தனக்குத் தெரியும் என்று நீதிபதி பிராக் அவளிடம் சொல்கிறார். அவளை மிரட்ட அவர் துப்பாக்கியை நீட்டவில்லை. அந்தத் தகவல் ஒன்றே அவளை அவர் பிடிக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

சுடாத துப்பாக்கியும் வேலை செய்கிறது. சுடாதபோதுதான் அது அதிக நாள் வேலை செய்கிறது.

*

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற வழியில் இருக்கிறது சிலமலை. மேற்கே மலை சுவர்போல நிற்கும். விடியுமுன் ஜீப்புகள் வந்துவிடும். இந்தப் பக்கத்து ஊர்களின் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். காய் எடுத்து, களை எடுத்து, பொழுது சாயும்போது கீழே வந்து சேர்வார்கள். அவர்கள் எடுத்த காய்க்கு விலை போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலத்தில் விழும். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இந்த மலையின் ஆண்களையும் அவர்கள் சுமந்த மூட்டைகளையும் நமக்குக் காட்டியது. ஜீப்பிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகிற பெண்ணின் ராத்திரி இன்னும் படமாகவில்லை.

அப்படி ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கற்பனைதான், பெயர் வேண்டாம். வீட்டில் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. மாமனார் காலத்தில் காட்டுப்பன்றி விரட்ட வாங்கியது, இப்போது புருஷன் பேரில் உரிமம். அவன் அதை வைத்து அவளை மிரட்டியதே இல்லை. கையால் அடிப்பதுண்டு. குடித்துவிட்டு வரும் சில ராத்திரிகளில் மட்டும் ஆணியிலிருந்து இறக்கித் திண்ணையில் உட்கார்ந்து துடைப்பான்.

“இந்நேரத்துக்கு எதுக்குங்க அத எடுத்தீக?”

“துரு ஏறுதுல்ல. தொடைக்கேன்.”

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் அவள் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது, போகவில்லை. மகளிர் குழுவுக்குக் கட்ட மடித்து வைத்திருந்த பணம் அவன் சட்டைப்பைக்குப் போனது. அவள் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கே போனாலும் புகாரில் என்ன எழுதுவாள்? ‘என் கணவர் துப்பாக்கியைத் துடைத்தார்’ என்றா? எழுதிக்கொள்ளும் ஏட்டம்மா நல்லவராகவே இருக்கட்டும். “சுட்டாரா? நீட்டுனாரா? அதுவும் இல்லையா? அப்ப என்னம்மா?” என்றுதான் கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. நம் எல்லோருடைய இலக்கணமும் அதுதான். துப்பாக்கி என்ற எழுவாய்க்குச் சுடுதல் என்ற பயனிலை வந்தால்தான் வாக்கியம் முடிந்ததாக நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு இந்த இலக்கணத்தை ஏற்கவில்லை. அடி மட்டும் வன்முறை அல்ல என்று அது விரித்துச் சொல்கிறது. உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து உண்டாக்குவது, பாலியல் துன்புறுத்தல், சொல்லாலும் மனதாலும் வதைப்பது, பணத்தைப் பிடுங்குவது எல்லாம் அதில் அடங்கும். இந்திய சட்டங்களில் வீட்டை இவ்வளவு உள்ளே போய்ப் பார்த்தது அநேகமாக அது ஒன்றுதான். மூன்றாவது பிரிவையும் பத்தாவது விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், ‘சம்பந்தப்பட்ட ஆயுதம்’ என்பது சுட்ட துப்பாக்கி மட்டும் இல்லை. ஒரு பெண்ணை அம்மா வீட்டுக்குப் போகவிடாமல் செய்த துப்பாக்கியும் சம்பந்தப்பட்டதுதான். துடைக்கப்பட்ட ராத்திரியிலேயே அது சம்பந்தப்பட்டுவிட்டது. 18ஆம் பிரிவின்படி நடுவர் பாதுகாப்பு உத்தரவில் தேவையான வேறு எந்தத் தடையையும் சேர்க்கலாம். 23ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடலாம். உத்தரவை மீறினால் ஓராண்டுச் சிறை அல்லது 20,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கதவு திறந்துதான் இருக்கிறது. அந்த வழியாகத் துப்பாக்கியைத் தேடிப் போகிற பழக்கம்தான் வரவில்லை.

இது எத்தனை வீட்டுப் பிரச்சினை? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு சுமார் 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்கிறது. அகில இந்தியக் கணக்கு 29ஐ ஒட்டியது. ‘பெண்கள் படித்த மாநிலம்’ என்ற நம் பெருமைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதில் துப்பாக்கி உள்ள வீடு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

*

இந்த மண்ணில் ஆயுதம் பறிக்கப்பட்ட கதை பழையது. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது அதோடு தடை. போடிநாயக்கனூரும் ஒரு பாளையம்தான். பிறகு ஜமீன் ஆனது. 1857க்குப் பிந்திய பயத்தில் இன்னொரு சட்டம் வளர்ந்தது. 1878இல் லிட்டன் பிரபு காலத்துப் படைக்கலச் சட்டம், இந்தியன் கையில் துப்பாக்கி வேண்டுமென்றால் துரையின் அனுமதி வேண்டும் என்றது. சுதந்திரத்துக்குப் பின் அதை மாற்றி நாம் எழுதிக்கொண்டது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம்.

மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒன்று தெரிகிறது. யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதுதான் இவற்றின் கரு. அரசு குடிமக்களுக்குப் பயப்படுகிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்துசெய்யவோ காரணங்கள் இருக்கின்றன. அதில் திரும்பத் திரும்பப் புழங்குவது பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு. பொது என்றால் தெரு, சந்தை, திருவிழா, ஊர்வலம். வீட்டுக்குள் நடப்பது பொது ஆகாது. ஒரே துப்பாக்கி தேர்த்திருவிழாவில் மேலே பார்த்துச் சுடப்பட்டால் பொது அமைதி கெடும். அடுக்களையைப் பார்த்துச் சாய்த்து வைக்கப்பட்டால் கெடாது.

இதற்கு எளிய சாட்சி தேர்தல். தேர்தல் தேதி அறிவித்தால் போதும், உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும். பட்டியல் எடுப்பார்கள், போன் போடுவார்கள், “அண்ணே, இன்னும் கொண்டாரலயே” என்று ஆள் அனுப்புவார்கள். யார் யாரிடம் கட்டாயம் வாங்க வேண்டும், வங்கிக் காவலாளி மாதிரி யாருக்கு விலக்குத் தரலாம் என்று பார்க்கக் குழு உண்டு. ரசீது கொடுப்பார்கள். முடிவு வந்தபின் திருப்பித் தருவார்கள். பெரிய சண்டை, கோர்ட், கூச்சல் இல்லாமல் நடக்கிற வேலை இது. ஆக, ஒரு வீட்டிலிருந்து துப்பாக்கியைச் சில மாதம் வெளியே வைத்திருக்க இந்த அரசுக்குத் தெரியும். வாக்குப்பெட்டிக்காக அதைச் செய்கிறது.

2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதே திருத்தத்தில் உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. புதுப்பிக்கும் நேரம்தான் அந்த ஆளைப் பற்றி யாராவது மறுபடி விசாரிக்கும் நேரம். அது இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. ஐந்து வருஷத்தில் ஒரு வீடு எவ்வளவோ மாறிவிடும்.

*

துப்பாக்கி வைத்திருப்பதை அடிப்படை உரிமை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. துப்பாக்கிச் சாவுகளுக்காக நாம் தினம் ஏசும் நாடு. அங்கே 1994இலேயே, குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றவன், அந்த உத்தரவு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டதாக இருந்தால், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மத்திய சட்டம் வந்தது. 1996இல் செனட்டர் லாட்டன்பர்க் கொண்டுவந்த திருத்தம், குடும்ப வன்முறையில் சிறு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவனிடமும் துப்பாக்கி கூடாது என்றது. போலீஸ்காரரும் ராணுவத்தாரும் அதற்கு விலக்கில்லை. இந்தியாவில் துப்பாக்கி உரிமை கிடையாது. அரசு பார்த்துத் தருகிற அனுமதி மட்டும்தான். உரிமையே இல்லாத நாட்டில், பாதுகாப்பு உத்தரவு வந்தால் துப்பாக்கி போகும் என்று ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்கச் சட்டமும் சும்மா நிற்கவில்லை, சோதிக்கப்பட்டது. டெக்சாசைச் சேர்ந்த ஸாக்கி ரஹிமி 2019 டிசம்பரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் தன் குழந்தையின் தாயை இழுத்துத் தள்ளினார். வேறொருவர் பார்த்துவிட்டதைக் கண்டு துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். 2020இல் அவர் மேல் தடை உத்தரவு வந்தது. அதன் பிறகும் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் வழக்கு, பழங்காலத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்ததா என்ற விசித்திரமான கேள்வியாக உச்ச நீதிமன்றம் போனது. 2022இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் அது நாட்டின் பழைய மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லியிருந்தது. மனைவியை அடிப்பது குற்றமாகவே கருதப்படாத நூற்றாண்டுகளில் போய் மனைவியைக் காப்பாற்றும் சட்டத்தைத் தேட வேண்டிய நிலை.

2024 ஜூன் 21 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பழைய ஆங்கிலேய வழக்கத்தில் கண்டெடுத்தவற்றில் ஒன்று பிணைப் பத்திரம். இன்னாரால் எனக்கு ஆபத்து என்று ஒருவர் நடுவரிடம் போய்ச் சொன்னால், அந்த ஆள் இத்தனை காலம் அமைதியாக இருப்பேன் என்று பணப்பிணை எழுதித் தர வேண்டும். மனைவி கணவன் மேலேயே இதைக் கேட்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் பிளாக்ஸ்டோன் எழுதிவைத்திருக்கிறார். ஒற்றை மறுப்பு நீதிபதி தாமஸுடையது. பிணை எழுதியவனிடம் பணம்தான் பணயம், துப்பாக்கி அவன் கையிலேயே இருந்ததே என்பது அவர் வாதங்களில் ஒன்று. வாதமாகப் பார்த்தால் அதில் பலம் உண்டு.

இந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்கு உறைத்தது வேறு. அந்தப் பிணைப் பத்திரம் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயம். ஊர் பாஷையில் ‘நூத்தி ஏழு’, ‘நூத்திப் பத்து’. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126, 129 என்று எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வட்டாட்சியர் முன்னாலோ கோட்டாட்சியர் முன்னாலோ நிறுத்தி, அமைதி காப்பேன் என்று எழுதி வாங்குவது. திருவிழாவுக்கு முன், தேர்தலுக்கு முன், வரப்புத் தகராறில் இரு தரப்பின் மேலும் இதைப் போடுவார்கள்.

இனி 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை எடுங்கள். வன்முறைக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்தாண்டுவரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. அடுத்த வரியிலேயே, அந்த எட்டாவது அத்தியாயத்தின்கீழ் பிணை எழுதித்தர உத்தரவானவர், பிணைக்காலம் முழுவதும் துப்பாக்கி வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துப்போகவோ கூடாது என்கிறது. தாமஸ் கேட்ட கேள்விக்கு, அவர் கேட்பதற்கு 65 ஆண்டு முன்பே, நம் சட்டப் புத்தகத்தில் பதில் எழுதப்பட்டிருக்கிறது. பிணை எழுதினால் துப்பாக்கி போகும். உரிமம் கேட்டு நிரப்பும் விண்ணப்பத்திலும் இந்தப் பிணை பற்றி ஒரு கேள்வி உண்டு.

வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகள் பழைய ஏடுகளைப் புரட்டித் தேடிய கருவி இங்கே ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கட்டுக்கட்டாக இருக்கிறது. கூட்டம் கூடுபவன் மேல், போராடுபவன் மேல், சேரியில் பிறந்து எதிர்த்துக் கேட்டவன் மேல் அது பாய்ந்திருக்கிறது. வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொண்டு மனைவியை அடிப்பவனிடம் அதை நீட்ட வேண்டும் என்று தோன்றாமல் போனதற்கு ஒரு காரணம்தான்: அங்கேயும் அந்தப் ‘பொது அமைதி’ வந்து நிற்கிறது. 107க்குள் ‘அமைதிக்குப் பங்கம்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது; ஒரு வீட்டின் அமைதியும் அமைதிதான் என்று அதை வாசிக்க முடியும். ஆனால் இந்தக் கருவியின் பழைய கணக்கு நல்லதில்லை. எளியவர்மேல் எளிதாகப் பாய்ந்த சட்டத்துக்கு இன்னும் பல் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நேர்வழி வேறு. பிணை உத்தரவுக்குத் துப்பாக்கியைப் பறிக்கும் ஒன்பதாம் பிரிவில், குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு உத்தரவையும் ஒரு வரியாகச் சேர்ப்பதுதான் அது. அந்த உத்தரவைப் போடுவது நீதித்துறை நடுவர். இரு தரப்பையும் கேட்டு, காரணம் எழுதிப் போடுவார். வட்டாட்சியர் பிணைக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லையென்றால் யாருடைய பயத்தைச் சட்டம் பயமாக எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி மறுபடி வருகிறது.

*

இதைப் பேசினால் எங்கள் பக்கம் முதலில் வரும் மறுப்பு: “அருவாளாலயும்தான வெட்டுறான், அம்மிக்கல்லத் தூக்கித்தான போடுறான். துப்பாக்கிய மட்டும் புடுங்கி என்னாகப் போகுது?”

நியாயமான கேள்வி. தேனி மாவட்டத்தில் பெண்கள் செத்தது பெரும்பாலும் அரிவாளாலும் கத்தியாலும் மண்ணெண்ணெயாலும்தான். நாடு முழுவதும் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பங்கு உரிமம் இல்லாதவற்றால் நடப்பதும் உண்மை. ஆனால் அரிவாளுக்கு ஆட்சியர் கையெழுத்துப் போடுவதில்லை. வீட்டில் உள்ள அத்தனை ஆயுதங்களிலும் அரசு பார்த்து, விசாரித்து, எண் போட்டு, முத்திரை குத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ‘இந்த ஆளிடம் இது இருக்கலாம்’ என்று திரும்பச் சொல்வது இந்த ஒன்றைப் பற்றித்தான். அரிவாளுக்கு அரசு பொறுப்பில்லை. உரிமத் துப்பாக்கிக்கு அரசு கூட்டாளி.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அரிவாளுக்குக் கிட்டே வரவேண்டும். ஓடலாம், கதவைச் சாத்தலாம், பக்கத்து வீட்டார் வந்து பிடிக்கலாம். துப்பாக்கிக்கு அந்த இடைவெளி கிடையாது. ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் பேராசிரியரும் அவரது குழுவும் அமெரிக்காவின் 11 நகரங்களில் செய்த ஆய்வு 2003இல் வெளியானது. அடிக்கும் ஆணுக்குத் துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்காவதை அது காட்டியது. அங்கத்தைய கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் விரல் அசைவுக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம் டெக்சாசிலும் தேவாரத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவது மறுப்பு பிழைப்பைப் பற்றியது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் சொந்த உரிமத் துப்பாக்கியோடு வங்கிக் காவலுக்குப் போகிறார்கள். துப்பாக்கி போனால் வேலை போகும்; வேலை போனால் அந்தப் பெண்ணுக்கும் சோறு போகும். மலையடிவாரத்து விவசாயிக்குப் பன்றித் தொல்லை உண்மை. 2022இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுவது உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உரிமத்துக்கு அதனால் புது மதிப்பு. இந்தப் பக்கம் 2025இல் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் மட்டும் சுடலாம் என்றது. ஒரே மலைக்கு இரண்டு சட்டம். ஆனால் இரண்டு பக்கத்திலும் பன்றி வருவது தோட்டத்துக்கு. துப்பாக்கி இரவு படுக்கையறையில் இருக்க வேண்டிய அவசியம் எந்தப் பன்றியாலும் வருவதில்லை. காவலாளியின் துப்பாக்கியை வங்கியிலேயே வைத்துப் பூட்டலாம். தேர்தல் நேரத்தில் விலக்குத் தரும் அளவு நுணுக்கம் தெரிந்த நிர்வாகத்துக்கு இது பெரிய கணக்கா?

மூன்றாவது, பொய்ப் புகார். இருக்கலாம். பொய்ப் புகாரால் ஒரு ஆண் இழப்பது சில மாதத்துக்கு ஒரு துப்பாக்கி, ரசீதோடு. உண்மைப் புகாரை நம்பாததால் ஒரு பெண் இழப்பதற்கு ரசீது கிடையாது.

நான்காவது மறுப்பை வெளியிலிருந்து யாரும் சொல்வதில்லை, அந்தப் பெண்ணே சொல்வாள். “அதப் புடுங்குனா அவரு சும்மா இருப்பாரா?” இதுதான் கனமானது. துப்பாக்கியை எடுக்கும் நாள்தான் அவளுக்கு மிக ஆபத்தான நாள். அதனால் எடுப்பவர் அவள் புகாரைக் காரணம் காட்டி எடுக்கக் கூடாது. உத்தரவு வந்தால் தானாக நடக்கும் வேலையாக அது இருக்க வேண்டும். “நீதான சொன்ன?” என்று அவன் கேட்டால், “நான் ஒண்ணும் சொல்லலயே, சட்டமாம்ல” என்று அவள் சொல்ல முடிய வேண்டும். கனடாவில் இதை ஓரளவு யோசித்திருக்கிறார்கள். டொராண்டோவில் நம் சொந்தக்காரர் ஒருவர் துப்பாக்கி உரிமம் கேட்டால், விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்துக்கும் இடம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் பிரிந்த துணையின் விவரமும் கேட்பார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் அதிகாரிகளே அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். கேட்கப்படும் இடத்தில் அவள் இருக்கிறாள். இங்கே காவல்துறை விசாரணை அறிக்கைக்கு ஊர்ப் பெரியவரைக் கேட்பார்கள், அக்கம்பக்கம் கேட்பார்கள். அந்தத் துப்பாக்கியோடு ஒரே கூரையின் கீழ் படுத்துத் தூங்கப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

*

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியின் கதை வேறு. குழாய், கட்டை, கருமருந்து, ஈயக் குண்டு. அது எங்கே இருக்கிறது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும், ஒருவர் வீட்டுக்காரி. வைக்கோல் படப்பிலா, பரணிலா, கோழிக்கூண்டுக்குப் பின்னாலா என்று அவளுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் படைக்கலச் சட்டத்தில் அவன் வருஷக்கணக்கில் உள்ளே போவான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சொல்வாள்? தமிழ்நாட்டின் பிற மலைகளில் போலீசார் அவ்வப்போது, கள்ளத் துப்பாக்கியைத் தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கில்லை என்று அறிவிப்பார்கள். ராத்திரியில் ஊர்ப் பொதுவிடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள், காலையில் போலீஸ் எடுத்துக்கொள்ளும். ஆணின் மானத்தைக் காப்பாற்ற நாம் கண்டுபிடித்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். அதே கதவை அவளுக்கும் திறந்து வைக்கலாம். 181க்குப் பேசும் பெண்ணிடம், வழக்குப் பயம் இல்லாமல் துப்பாக்கியை வெளியேற்ற ஒரு வழியைச் சொல்ல முடிந்தால் அதுவே பெரிது.

நம் கதைகளும் இதில் கைகொடுக்கவில்லை. தமிழ் சினிமாவில் பண்ணையார் வீட்டுச் சுவரில் மான் கொம்புக்கும் புலித்தலைக்கும் நடுவே இரட்டைக்குழல் துப்பாக்கி கட்டாயம் இருக்கும். மகளின் காதலனைப் பார்த்ததும் அப்பா அதை இறக்குவார், அம்மா காலில் விழுந்து அழுவாள், தியேட்டர் சிரிக்கும். அந்த அம்மா அந்தச் சுவருக்குக் கீழே முப்பது வருஷம் பரிமாறியிருக்கிறாள் என்பது சிரிப்பில் போய்விடும். கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் துப்பாக்கியை நேராக வைத்த படம் என்று எனக்கு முதலில் நினைவு வருவது எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), பாட்டே இல்லாத அந்த ஏவிஎம் படம். அதில் துப்பாக்கி இருப்பது மனைவி கையில். எதிரே கணவன் தேசத்துரோகி. எழுபது ஆண்டு கழித்தும் விறுவிறுப்பு குறையாத படம்தான். ஆனால் அங்கேயும் வீட்டுக்குள் துப்பாக்கி வருவதற்கு ஒரு தேசம் ஆபத்தில் இருக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் மட்டும் ஆபத்தில் இருந்தால் அது கதைக்குப் போதவில்லை. படைக்கலச் சட்டமும் நம் திரைக்கதையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

பயத்தை எழுத முடியாதா என்றால் முடியும். துடைக்கும் துணியை எழுதலாம், எண்ணெய் வாசத்தை எழுதலாம். அது வெடிக்காமலே கதை முடியலாம். அப்படி நாலு கதை வந்தால், ஏட்டம்மாவின் “அப்ப என்னம்மா?” என்ற கேள்வி கொஞ்சம் தயங்கும். நடுவர் ‘சம்பந்தப்பட்ட’ என்ற சொல்லின் மேல் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பார்.

மாவட்டங்களில் படைக்கல உரிமம் வழங்குவது ஆட்சியர். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் இருப்பது சமூகநலத் துறையில். பெரும்பாலும் அதே ஆட்சியர் வளாகத்தில்தான் அவர் அலுவலகமும். ஒரு மாடியில் அவன் உரிமக் கோப்பு, இன்னொரு மாடியில் அவள் மனுக் கோப்பு. இரண்டிலும் ஒரே கதவு எண், ஒரே தெரு. உரிமத்துக்கு ‘எக்காரணத்தாலும் தகுதியற்றவர்’ என்று கண்டால் ரத்துசெய்யும் அதிகாரம் 17ஆம் பிரிவில் ஆட்சியருக்கு இன்றைக்கே இருக்கிறது. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மனு வாங்கும்போது ‘வீட்டில் துப்பாக்கி உண்டா?’ என்று ஒரு கேள்வி, ‘உண்டு’ என்றால் அன்றே உரிமப் பிரிவுக்கு ஒரு குறிப்பு, தேர்தலுக்குக் கொடுக்கும் அதே ரசீது. நடுவே இருப்பது ஒரு மாடிப்படி. அதில் ஒரு கோப்பு ஏறி இறங்க இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாது.